பத்து மணி ரீடிங்கும் பத்தாயிரமாவது பகா எண்ணும்

"உங்க மீட்டருக்கு ரெட்டைப்படையே தெரியாதா?" என்று விஜிலன்ஸ் ஆபீசர் கேட்டபோது நான் அவருக்கு டீ கலக்கிக்கொண்டிருந்தேன். பால் பவுடர் டீதான். மலை மேல் அதுதான் கிடைக்கும். கேள்வி மண்டையில் ஏறியதும் கை அப்படியே நின்றுவிட்டது.

கல்வராயன் மலையில், வெள்ளிமலையிலிருந்து ஏழு கிலோமீட்டர் உள்ளே இருந்த ஒரு செல்போன் டவர் சைட்டில் ஒன்பது வருடம் டெக்னீஷியனாக இருந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். என் பெயர் ஏழுமலை, சொந்த ஊர் மணலூர்பேட்டை. புதிதாக டவர் வேலைக்கு வரும் தம்பிகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று எங்கள் சங்க மலருக்குக் கேட்டார்கள். ஜெனரேட்டர் பராமரிப்பைப் பற்றி எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். அது மேனுவலில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். மேனுவலில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன்.

1. டீசல் என்றாலே திருட்டு

சைட்டில் என் தினசரிக் கடமை ஒன்று உண்டு. காலை பத்து மணிக்கு மூன்று கணக்கு எடுக்க வேண்டும். ஈபி மீட்டர் ரீடிங், ஜெனரேட்டர் ஓடிய மணி, டாங்கில் டீசல் அளவு. எடுத்துச் சென்னை கண்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும். அங்கே டெஸ்க்கில் இருப்பவர் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்வார். அவ்வளவுதான் வேலை, ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஆபீசர் இரண்டு மாதத்து ரீடிங்கைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். கூட வந்தவர் எங்கள் ஏரியா சூப்பர்வைசர் முருகேசன். கள்ளக்குறிச்சிக்காரர். என்னைவிட வயதில் சின்னவர், பதவியில் பெரியவர். ஆபீசர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. பென்சிலால் ஒவ்வொரு எண்ணின் கடைசி இலக்கத்தையும் வட்டம் போட்டு வைத்திருந்தார். ஒன்று, மூன்று, ஏழு, ஒன்பது. திரும்பவும் ஒன்பது, மூன்று. மெஷின் தானாகக் காட்டுகிற எண்ணில் பாதி இரட்டைப்படையாக இருக்கும், மனிதன் உட்கார்ந்து யோசித்து எழுதினால்தான் இப்படி வரும் என்றார்.

டவர் தொழிலில் இருப்பவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். ரீடிங்கைப் பொய்யாக எழுதுகிறவன் எதற்கு எழுதுவான்? கரண்ட் இருந்த நேரத்தில் கரண்ட் இல்லை, ஜெனரேட்டர் ஓடியது என்று காட்டி டீசலை இறக்கி விற்பதற்கு. முருகேசன் என் முகத்தைப் பார்க்காமல் டாங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வாழ்நாளில் அடுத்தவன் தீப்பெட்டியைக்கூட நான் எடுத்ததில்லை.

ஆனால் அந்த எண்கள் தானாக வந்தவை இல்லை என்பதும் உண்மை.

2. என் வாய்

நான் ஏன் மலைக்குப் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் ஜாஸ்தி. கீழே வேலை பார்த்த இடத்திலெல்லாம் மேலே இருப்பவனோடும் சண்டை, கூட இருப்பவனோடும் சண்டை. மனைவி ஆறு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தாய் வீட்டுக்குப் போனாள், வரவில்லை. அவள்மேல் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஒற்றை ஆள் சைட் ஒன்று இருக்கிறது, யாரும் போக மாட்டேன் என்கிறார்கள் என்று கம்பெனியில் சொன்னபோது நானே கையைத் தூக்கினேன். சண்டை போட ஆள் இல்லாத இடம் நமக்குச் சரி என்று நினைத்தேன்.

முதல் வருடம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு தனிமை பிடித்துக்கொண்டது. பக்கத்துக் கிராமம் மூன்று கிலோமீட்டர். அவர்களோடும் ஆடு கேபிளைக் கடித்த விஷயத்தில் வாய் விட்டாயிற்று, அதோடு அவர்களும் வருவதில்லை. மழைக்காலத்தில் நான்கு நாள் பனிமூட்டம் இறங்கினால் டவரின் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாது. பத்து ஊர் ஜனம் பேசுகிற பேச்சு என் தலைக்கு மேலேதான் போகும். எனக்குப் போன் போட ஒருவரும் கிடையாது. சில நாள் டீ குடிக்கும்போது என் குரல் எப்படி இருக்கும் என்று பார்க்க எதையாவது சத்தமாகச் சொல்வேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தேன்.

பத்து மணிப் போன் ஒன்றுதான் ஒரு மனிதரோடு பேசுவது. அதுவும், "சொல்லுங்க", "நோட் பண்ணிட்டேன்", கட்.

3. நாலாம் டெஸ்க்

மீட்டர் ஐந்து இலக்கத்திலிருந்து ஆறு இலக்கத்துக்கு மாறிய அன்றே நான் சொன்ன ரீடிங் 100003. வழக்கம்போல் கட் ஆகும் என்று காத்திருந்தேன். ஆகவில்லை. எங்கள் சைட் ரீடிங்கை வாங்குகிற நாலாம் டெஸ்க்கில் ஒரு பெண் குரல். கொஞ்ச நாளாக அந்தக் குரல்தான் எடுத்துக்கொண்டிருந்தது.

"அண்ணா, இது பகா எண்ணு" என்றது குரல்.

"இன்னாது?" என்றேன்.

அந்தப் பெண் சிரித்துவிட்டார். நீங்க நம்ம பக்கமாண்ணா, நான் உளுந்தூர்பேட்டை, அத்தா அங்கே கடை வைத்திருக்கிறார், நான் பி.எஸ்சி. மேத்ஸ் என்று மடமடவென்று சொன்னார். இந்த எண்ணை ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுக்க முடியாது, ஆறு இலக்கத்தில் வருகிற முதல் பகா எண் இதுதான் என்றார். அரை நிமிடம் இருக்கும். பிறகு கட் ஆனது.

அன்று முழுக்க அந்த அரை நிமிடத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் ரீடிங் சாதாரண எண். "நோட் பண்ணிட்டேண்ணா." கட். அதற்கடுத்த நாளும் அப்படியே.

மூன்றாம் நாள் நான் கேட்டேன், ஒரு எண் பகா எண்ணா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று. வர்க்கமூலம் வரைக்கும் உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும், எதாலும் போகவில்லை என்றால் அது பகா எண் என்றார். லட்சத்துக்குச் சற்று மேலே உள்ள எண்ணுக்கு முந்நூற்றுச் சில்லறை வரை பார்த்தால் போதும். அறுபத்தைந்து வகுத்தல். அதில் ஏழு, பதினொன்று, பதின்மூன்று மூன்றுக்கும் ஒரே கழித்தல் போதும் என்று ஒரு வழியும் சொல்லிக்கொடுத்தார். ஆறு இலக்க எண்ணை மூன்று மூன்றாகப் பிரித்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழி. வருகிற விடை இந்த மூன்றில் எதால் போகிறதோ அதால் அந்தப் பெரிய எண்ணும் போகும். 7, 11, 13 மூன்றையும் பெருக்கினால் 1001 வருகிறது, சூட்சுமம் அங்கே இருக்கிறது.

நான் பத்தாவது படித்து ஐ.டி.ஐ. முடித்தவன். கணக்கில் சுமார். ஆனால் எனக்கு நேரம் இருந்தது தம்பிகளே, நேரம் மட்டும் கொட்டிக் கிடந்தது.

4. என் தப்பு

சைட்டில் ஒரு மணி நேரத்துக்கு நாலு யூனிட்டுக்குள் ஓடும். ஆக மீட்டர் ஒரு எண்ணில் கால் மணி நேரம் நிற்கும், பிறகு அடுத்ததற்குப் போகும். முந்தைய நாள் சாயங்காலமே நாளைக் காலை பத்து மணிவாக்கில் எந்த எண்கள் வரும் என்று பார்த்து வரிசையாக எழுதுவேன். இரட்டைப்படையை அடிப்பேன், ஐந்தில் முடிவதை அடிப்பேன், இலக்கங்களைக் கூட்டி மூன்றால் போவதை அடிப்பேன். மிஞ்சியவற்றை ஒவ்வொன்றாக வகுப்பேன். பத்துப் பன்னிரண்டு எண்ணுக்கு ஒன்றுதான் தேறும். அந்த எண்ணை மீட்டர் ஒன்பதே காலுக்குக் காட்டினால் ஒன்பதே காலுக்கு எடுப்பேன். பதினொன்றுக்குக் காட்டினால் பதினொன்றுக்கு. ஷீட்டில் மட்டும் பத்து மணி என்று எழுதுவேன்.

இதுதான் நான் செய்த தப்பு. டீசலுக்காக இல்லை. பகா எண் சொன்னால் அந்தப் பெண் அரை நிமிடம் கூடுதலாகப் பேசுவார். அதற்காக.

நாலைந்து நாள் தொடர்ந்து வந்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "மலை மீட்டரு நல்லா படிச்ச மீட்டருண்ணா" என்று கிண்டல் செய்தார். அதற்குமேல் கேட்கவில்லை. ஒருநாள் 103603 என்று பெருமையாகச் சொன்னேன். கொஞ்சம் பொறுங்கண்ணா என்றவர், இது 313ஆல் போகிறதே என்றார். 313 பெருக்கல் 331. நான் 311 வரை வகுத்துவிட்டுக் கை வலிக்கிறது என்று விட்டிருந்தேன், அடுத்ததிலேயே உட்கார்ந்திருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். கம்ப்யூட்டரில் ஒரு ஃபார்முலா போட்டு வைத்திருக்கிறாராம், கண் சிமிட்டும் நேரத்தில் சொல்லுமாம். நான் மாங்கு மாங்கென்று கையால் வகுக்கிறேன் என்று தெரிந்ததும் அத்தனையுமா என்று இரண்டு தடவை கேட்டார்.

அவரைப் பற்றித் துண்டு துண்டாகத்தான் தெரியும். ஹாஸ்டலில் ஒரு அறையில் நாலு பேர், நாலு பேருக்கும் வேறு வேறு ஷிப்ட், ஒருத்தி விழித்திருக்கும்போது மற்றவள் தூங்குவாள். ஒருநாள் சொன்னார்: "நாள் பூரா ஹெட்செட் மாட்டிக்கினு பேசறேண்ணா. யார்கிட்டயும் பேசல." எனக்கு அது நன்றாகப் புரிந்தது. ஆனால் பெயர் கேட்கவில்லை. டெஸ்க்கில் பெயர் சொல்லக் கூடாது என்று ரூல், நான் கேட்டு அவருக்கு ஏன் தொந்தரவு என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு லீவு. அன்று வேறு யாரோ எடுப்பார்கள். அன்று மட்டும் நான் ஒழுங்காகப் பத்து மணிக்கு, மீட்டர் என்ன காட்டுகிறதோ அதைச் சொல்வேன்.

ஒரு திங்கட்கிழமை அவர்தான் சொன்னார். பகா எண்களை இரண்டு, மூன்று, ஐந்து என்று வரிசையாக எண்ணிக்கொண்டே போனால் பத்தாயிரமாவதாக வருவது 104729. நம்ம மீட்டர் இந்த வாரம் அதைத் தொடும். வியாழனோ வெள்ளியோ, எப்போது வந்தாலும் நானே டெஸ்க்கில் இருக்கிற மாதிரி பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் கரெக்டாக அதைச் சொல்ல வேண்டும் என்றார். அந்த வாரம் ஒவ்வொரு நாளும் நான் மீட்டர் முன்னால் நின்றது, பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிற பிள்ளை மாதிரிதான். ஐம்பத்தாறு வயதில் இப்படி ஒரு ஆசை.

வியாழன் காலை ரீடிங் 104651. நாளைக்குத்தான் என்று இருவரும் பேசிக்கொண்டோம். அன்று மதியம் ஜீப் வந்தது.

5. கையெழுத்து

ஆபீசர் டாங்கில் அளவுகோலை விட்டுப் பார்த்தார். ஜெனரேட்டர் மணியைப் பார்த்தார். இரண்டு மாதத்துக்கும் மொத்தமாகக் கணக்குப் போட்டார். சரியாக இருந்தது. நானும் சொன்னேன்: ஒருநாள் பத்து மணிக்கு முன்னால் எடுத்தால் அன்று குறையும், மறுநாள் அதே அளவு கூடும், மொத்தத்தில் ஒரு யூனிட்கூட நகராது, திருடியிருந்தால் மொத்தத்தில் துண்டு விழும் சார். அவர் தலையை ஆட்டினார். புத்திசாலி மனிதர், உடனே புரிந்துகொண்டார்.

"சரி, திருடல. அப்ப எதுக்குய்யா?" என்றார் முருகேசன்.

எனக்குப் பகா எண் பிடிக்கும் என்றேன். முருகேசன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இது யார் சொல்லிக் கொடுத்தது என்று ஆபீசர் கேட்டார். இங்கேதான் நான் தம்பிகளுக்குச் சொல்ல வந்தது இருக்கிறது.

ரீடிங் லைனில் சொந்தப் பேச்சு பேசக் கூடாது என்பது ரூல். அந்தப் பெண் ஒப்பந்தத்தில் இருப்பவர். அவரைக் காட்டிக் கொடுத்தால் வேலை போகும் என்று நினைத்தேன். என் கதை எப்படியும் ஆகட்டும், அவர் பெயர் இதில் வரக் கூடாது. பெயரே தெரியாது என்பது வேறு விஷயம். யாரும் சொல்லித் தரவில்லை, பழைய பள்ளிக்கூடப் புத்தகத்தில் பார்த்தேன் என்றேன். எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதினேன். "இது பற்றி நான் எவரிடமும் பேசியதில்லை. கண்ட்ரோல் ரூமில் எனக்கு யாரையும் தெரியாது." கையெழுத்துப் போட்டேன். பெரிய தியாகம் செய்துவிட்ட மாதிரி நெஞ்சு விம்மியது.

ஆபீசர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஜீப்பில் ஏறும்போது திரும்பி, "ஞாயித்துக்கிழமை மட்டும் உங்களுக்குப் பகா எண் பிடிக்காதா?" என்று கேட்டார். அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

6. வெள்ளிக்கிழமை

மறுநாள் ஒன்பது மணிக்கே மீட்டர் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். பத்தே காலுக்கு 104729 வந்தது. போன் போட்டேன். நாலாம் டெஸ்க்கை ஒரு ஆண் குரல் எடுத்தது.

எண்ணைச் சொன்னேன். நோட் பண்ணிட்டேன் என்றது குரல். இதுக்கு முன்னாடி இருந்த மேடம் என்று இழுத்தேன். ரீடிங் தவிர வேறு எதுவும் கேட்கக் கூடாது சார் என்று வைத்துவிட்டார்.

திரும்ப வந்து உட்கார்ந்தேன். மீட்டர் இன்னும் அந்த எண்ணில்தான் நின்றது. சத்தமாக ஒரு தடவை படித்தேன், ஒரு லட்சத்து நாலாயிரத்து எழுநூற்று இருபத்தொன்பது என்று. கொஞ்ச நேரத்தில் 104730 ஆனது. அழுதேன் என்று எழுத ஒன்றும் வெட்கமில்லை.

7. அந்தப் பெண் எழுதியது

இரண்டு வாரம் கழித்து முருகேசன் மெமோவோடு வந்தார். ரீடிங் நேரத்தைத் தவறாகக் காட்டியதற்கு எச்சரிக்கை, அவ்வளவுதான். நான் கையெழுத்துப் போட்ட பிறகும் அவர் கிளம்பவில்லை. ஃபைலிலிருந்து இன்னொரு காகிதத்தின் நகலை எடுத்துக் கொடுத்தார்.

அதே வியாழக்கிழமை, சென்னையில் அந்தப் பெண்ணிடமும் எழுதி வாங்கியிருக்கிறார்கள். உருண்டையான தமிழ்க் கையெழுத்து. "பகா எண்ணைப் பற்றி அவருக்குச் சொன்னது நான். ரீடிங் நேரம் முன்பின் ஆவது எனக்குத் தெரியும், நான் தடுக்கவில்லை. அவர் எதையும் திருடவில்லை. ஞாயிறு தவிர தினமும் அரை நிமிடம் பேசிக்கொண்டோம். எனக்கு அது தேவையாக இருந்தது." கீழே கையெழுத்து. நஸ்ரின். இரண்டு மாதம் பேசியவரின் பெயரை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"நீயும் இதையே எழுதியிருந்தீனா ரெண்டு பேருக்கும் ஒரு மெமோவோட முடிஞ்சிருக்கும்யா" என்றார் முருகேசன். "பேசினோம்னு அது எழுதுது. யாரையும் தெரியாதுன்னு நீ எழுதற. ஏதோ ஒளிக்கிறீங்கன்னுதான நெனப்பாங்க?"

நான்தான் பொய் எழுதினேன் என்று எழுதிக்கொடுக்க உடனே இன்னொரு பேப்பர் கேட்டேன். ஃபைல் மூடியாகிவிட்டது என்றார். நஸ்ரினை டெஸ்க்கை விட்டு எடுத்துவிட்டார்கள், மாதக் கடைசியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லையாம். சரி, நான் எழுதியதை அந்தப் பெண் பார்த்தாரா என்று கேட்டேன். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. பிறகு அதைக் காட்டித்தான் விளக்கம் கேட்டார்கள் என்றார் முருகேசன். அவர் என்ன சொன்னார் என்றேன். படித்துப் பார்த்துவிட்டு, சரி சார் என்றாராம்.

அடுத்த மாதம் மீட்டருக்கு சிம் கார்டு போட்ட ஒரு பெட்டியை மாட்டினார்கள். ரீடிங் தானாகவே சென்னைக்குப் போய்விடும். பத்து மணிப் போனும் நின்றுபோனது. அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை மூன்று வருடம் அங்கேயே இருந்தேன். உளுந்தூர்பேட்டை வழியாகப் பலமுறை பஸ்ஸில் போயிருக்கிறேன். ஒருமுறைகூட இறங்கி விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. யாரையும் தெரியாது என்று கைப்பட எழுதியவன் எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

தம்பிகளே, ரீடிங்கைப் பத்து மணிக்கே எடுங்கள். என்ன எண் வருகிறதோ அதையே எழுதுங்கள். ஒற்றை ஆள் சைட்டில் உங்களோடு யாராவது பேசியிருந்தால், பேசினார் என்றே எழுதுங்கள். காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவரை இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

அன்று வாங்கிக்கொள்ளாத அந்தப் பேப்பரை இங்கே கொடுக்கிறேன். நஸ்ரின் எழுதியது முழுக்க உண்மை. பேசினோம். எனக்கும் அது தேவையாக இருந்தது.

இப்படிக்கு,
ஏழுமலை.